செபதேயு இருந்த படகு

அன்பு மகனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கும் நீ வராததால் உன் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு, அவளுக்கு இரண்டு வரியாவது எழுது.

சென்ற ஞாயிறு பூசையில் மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் வாசிக்கப்பட்டது. கலிலேயாக் கடலில் வலை வீசிக்கொண்டிருந்த சீமோனும் அந்திரேயாவும் இயேசு அழைத்ததும் வலைகளை விட்டு அவர் பின்னே போனார்கள். சற்று அப்பால் படகில் வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்த யாக்கோபும் யோவானும் அதேபோல் தந்தை செபதேயுவைக் கூலியாள்களோடு விட்டுப் போனார்கள். கூலியாள் வைத்திருந்தவர் என்றால், நம்மூர் வழக்கில் அவர் ஒரு சம்மாட்டி, படகு முதலாளி. சாமியார் போனவர்களைப் பற்றியே பிரசங்கம் வைத்தார். எனக்கோ படகில் இருந்தவரை விட்டு மனம் நகரவில்லை. அவர் ஒரு சொல் பேசியதாகவும் எழுதப்படவில்லை. பிள்ளைகளின் தாய் பின்னர் ஆண்டவரிடம் வந்து அவர்களுக்காகக் கேட்கிறாள், அவர் சிலுவையில் அறையப்பட்ட கல்வாரியிலும் நிற்கிறாள். செபதேயுவோ பிள்ளைகளின் பெயரோடு ஒட்டிய பெயராக மட்டும் வருகிறார்.

நீ குருமடத்துக்குப் புறப்பட்ட விடியற்காலையில் நானும் வலையருகில்தான் இருந்தேன். ஒரே கண்ணியில் ஊசியை மூன்று முறை கோத்துக் கோத்து அவிழ்த்தேனே தவிர, எழுந்து வந்து உன் நெற்றியில் சிலுவை வரையவில்லை. மூத்தவன் கடலை விட்டுப் போகிறானே என்ற கோபம். பிறகு ஏலக்கூடத்திலும் கோயில் வாசலிலும் என் மகன் சாமியாராகப் போகிறான் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். உன்னிடம் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆசி கொடுக்காமல் அனுப்பிவிட்டு, ஊர் முழுவதும் கொண்டாடி, நீ திரும்பிப் பார்க்கவும் தயங்கும்படி செய்துவிட்டேனோ என்று இப்போது உறக்கம் வருவதில்லை. தவறு என்னுடையது, மகனே.

யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. ஆண்டவரின் உயிர்ப்புக்குப் பிறகு, மீன்பிடிக்கப் போகிறேன் என்று சீமோன் பேதுரு சொன்னதும் செபதேயுவின் மக்களும் உடன் போனார்கள். இரவெல்லாம் மீன்பாடு இல்லை. விடிந்தபோது ஆண்டவர் சொன்ன பக்கம் வலை வீசி 153 பெரிய மீன்களை இழுத்தார்கள். விட்ட படகில் மறுபடி ஏன் ஏறினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, சாப்பிட வாருங்கள் என்றார். அந்தப் பகுதியை மெதுவாக வாசி. நான் எழுதியதற்காக வாசி.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. எழுத மனமில்லையென்றால் கூப்பிடு. விடியற்காலை நான்கு மணிக்குப் படகு இறக்கும்வரை வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா