மைதானத்துக்காக மாறிய ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி மைதானங்களைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மிச்சிகன் மைதானத்துக்கே பாதிப் பக்கம் போய்விட்டது. பாஸ்டனில் உள்ள ஹார்வர்டு மைதானத்துக்கு ஒரு வரி கூட இல்லை. கூட்டத்தை வைத்துப் பார்த்தால் அது சின்னதுதான். ஆனால் அமெரிக்கன் ஃபுட்பாலின் (நம்ம ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம்) விதியையே திருப்பிவிட்ட கட்டடம் அது.

சர்வீஸ் முழுக்க கான்கிரீட்டோடு மல்லுக்கட்டியவன் நான். மகள் வீட்டுக்குப் போனபோது அதைப் பார்க்கப் போனதும் கான்கிரீட்டுக்காகத்தான். 1903-இல், கம்பி கட்டிய கான்கிரீட்டை நம்பவே பலர் தயங்கிய காலத்தில், குதிரைலாட வடிவில் இவ்வளவு பெரிய வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பனிக்கு இது தாங்காது என்ற பேச்சும் இருந்தது. 1879-இல் படிப்பை முடித்த பழைய மாணவர்கள் 1,00,000 டாலர் தந்தார்கள். அந்த நவம்பரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே டார்ட்மவுத் கல்லூரியிடம் 0-11 என்று ஹார்வர்டு தோற்றது. கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்காத கதைதான்!

விஷயம் அதற்கு அப்புறம்தான். அன்றைய ஆட்டம் கும்பலாக மோதிக்கொள்வது. 1905-இல் பல இளைஞர்கள் அதில் உயிரை விட்டார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆடுகளத்தை 40 அடி அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்று ஒரு யோசனை வந்தது. ஹார்வர்டில் எங்கே அகலப்படுத்துவது? ஆடுகளத்தை ஒட்டிக் கான்கிரீட் படிகள் நிற்கின்றன, கட்டி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மரக் கேலரியாக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டிருப்பார்கள். கடைசியில் அந்த யோசனையைக் கைவிட்டு, கும்பல் கலையட்டும் என்று, அதுவரை கூடாது என்றிருந்ததை விட்டு, 1906-இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதியை மாற்றினார்கள். இன்று ரசிகர்கள் எழுந்து நின்று கத்துகிற அந்த நீண்ட எறிதல் வந்தது இப்படித்தான்.

1929-இல் திறந்திருந்த பக்கத்தில் இரும்பு கேலரி போட்டு 57,000 பேர் உட்காரும்படி செய்தார்கள். பின்னால் அதை எடுத்தும் விட்டார்கள். கான்கிரீட் மட்டும் அப்படியே நிற்கிறது. நான் போன காலையில் 37 பிரிவுகளின் படிகளிலும் ஏறி இறங்கிப் பையன்களும் பெண்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு படியும் என் முழங்கால் உயரம். இரண்டாவது பிரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால், கூட்டக் கணக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இந்த மைதானத்தின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
திருச்சி.