அலுமாரிக் கதவின் காந்தத்தையும் மதிப்பீட்டில் எழுதுங்கள்

கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் அலுமாரியும் சமையலறைப் பான்ட்ரியும் செய்து தரும் பட்டறை முதலாளிமாருக்கும் தச்சுப் பாஸ்மாருக்கும்,

வணக்கம்.

நான் வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் வசிப்பவள். எங்கள் கட்டடத்தில் யார் சமையலறையைப் புதுப்பித்தாலும் நீங்கள் கொடுத்த விலை மதிப்பீடு எப்படியோ என் கைக்கு வந்துவிடும். “கணக்கு சரியா என்று ஒருதரம் பாருங்கள் அக்கா” என்பார்கள். பலகை எந்த வகை, எத்தனை மில்லிமீற்றர், விளிம்புப் பட்டி என்ன நிறம், கைபிடி எந்த மாதிரி, மேலே போடும் கருங்கல் சதுர அடி என்ன விலை என்று எல்லாம் அதில் இருக்கும். கதவை மூடி வைத்திருக்கப்போகிற காந்தத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி இராது. ‘ஏனைய பொருத்துகள்’ என்பதற்குள் அதுவும் அடங்கிவிடும். வேலை முடிகிற நாளில், பொருத்த வந்த தம்பியின் பையில் என்ன கிடக்கிறதோ அதுவே எங்கள் கதவுக்கு வாய்க்கும்.

அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இந்த மடல். என்ன காந்தம், எத்தனை கிலோ இழுவை, ஒரு கதவுக்கு எத்தனை, எந்த இடத்தில் என்று எழுதித் தாருங்கள். அதற்காக விலை கூடுமானால் கூட்டிக் கேளுங்கள். பேரம் பேச மாட்டோம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கொடுப்போம்.

இதற்கெல்லாமா மடல் என்று நீங்கள் சிரிக்கலாம். சரியாக மூடாத கதவு இந்த ஊரில் யார் யாருக்கு வாசல் என்று உங்களுக்கே தெரியும்: கரப்பான், எறும்பு, பல்லி. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால், காலி வீதிக்குக் கடற்பக்கம் உள்ள வீடுகளில் பல்கனியைத் திறந்த உடனேயே சமையலறைக் கதவுகள் ஒவ்வொன்றாக வாய் பிளக்கின்றன. மேலடுக்குக் கதவு திறந்து நின்றால் அதன் மூலை, குனிந்து நிமிர்கிறவரின் நெற்றியைத் தேடி வரும்.

காந்தம் பிடிக்கிற விதத்தைத் தொழில் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொருத்தியிருக்கிற லட்சணத்தைப் பார்க்கும்போது சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பது ஒரு கறுப்பு ஃபெரைட் கட்டி, அதாவது இரும்பு ஒட்சைட்டைச் சுட்டுச் செய்த காந்தம். அதன் இரு பக்கமும் இரண்டு இரும்புத் தகடுகள். வெளியே தெரிவதும் பிடிப்பதும் அந்தத் தகடுகளின் விளிம்புகள்தான். காந்தத்துக்கு நேரே கதவில் இறுக்கும் சிறு இரும்புத் தகடான எதிர்த்தகடு இரண்டு விளிம்புகளிலும் ஒரே நேரத்தில் படிந்தால் முழுப் பலமும் கிடைக்கும். ஒன்றில் மட்டும் பட்டாலோ, நடுவில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விழுந்தாலோ, பலத்தின் பெரும்பங்கு போய்விடும். பெட்டியில் போட்டிருக்கும் கிலோக் கணக்கு, சுத்தமான தட்டையான இரும்பிலிருந்து நேராக இழுத்துப் பார்த்த கணக்கு. எதிர்த்தகட்டின் மேல் சாயம் பூசினாலும், துரு ஏறினாலும், பாதுகாப்புத் தாளை உரிக்காமல் விட்டாலும் அந்தக் கணக்கு கடையோடு நின்றுவிடும். வந்து பார்க்கிற பாஸ் “மெக்னட் செத்துப்போய்விட்டது” என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டுவார். பழையது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

கிலோ கூடக் கூட நல்லது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். சாதாரணச் சமையலறைக் கதவுக்கு மூன்று அல்லது நான்கு கிலோ போதும். ஆறு கிலோக் காந்தத்தைச் சின்னக் கதவில் மாட்டினால், விரல் மூட்டு வலியோடு இருக்கும் எங்கள் வீட்டு முதியவர்கள் கைபிடியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வெடுக்கென்று திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே கண்ணாடிக் குவளைகள் குலுங்குகின்றன. துகள்பலகையில் இறுக்கிய திருகாணியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. ஆளுயரத்துக்கு மேற்பட்ட உடுப்பு அலுமாரிக் கதவு வேறு கதை. அதற்குப் பலமான ஒன்றைவிட அளவான இரண்டு மேல், மேலே ஒன்றும் கீழே ஒன்றும். நடுத்தட்டில் ஒன்றை மட்டும் வைத்தால், ஈரத்தில் கதவு சற்று வளைந்ததும் மேல்மூலை வெளியே நிற்கத் தொடங்கும்.

இடமும் முக்கியம். காந்தம் பிணைச்சலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குக் கதவைப் பிடிக்கும். கதவின் அகலத்தில் பாதித் தூரத்தில் வைத்தால் விளிம்பில் பாதி இழுவையிலேயே திறந்துவிடும். ஆகவே கைபிடிப் பக்கத்து விளிம்பை ஒட்டி வையுங்கள். அதுவும் மேற்பலகையின் அடிப்பக்கத்தில். கீழ்ப்பலகையில் வைத்தால் சட்டி எடுக்கும்போது இடிபடும், தேங்காய்ப்பூவும் மாவும் அதில் படியும், சட்டி தேய்க்கும் இரும்பு நாரின் தூள் மொத்தமும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூள் இரண்டு மழைக்காலத்தில் துருப் படலமாகிவிடும்.

துரு என்றதும் கடற்காற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தெகிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரைக்கும் தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் எல்லாமே துருப்பிடிக்கும். ஃபெரைட் கட்டிக்கு ஒன்றும் ஆகாது. அது ஏற்கெனவே ஒட்சைட்டுத்தான். கெட்டுப்போவது அதன் பக்கத் தகடுகளும் எதிர்த்தகடும். இதைக் கண்டு சிலர் புத்திசாலித்தனமாகத் துருப்பிடிக்காத உருக்கில் எதிர்த்தகடு வெட்டி மாட்டுகிறார்கள். பாத்திரங்களுக்கும் தொட்டிகளுக்கும் பரவலாகப் பயன்படும் 304 ரகமாக அது இருந்துவிட்டால் காந்தம் அதைத் திரும்பியும் பார்க்காது. 430 ரகம் ஒட்டும். உப்பை 304 அளவுக்குத் தாங்காது என்றாலும் வெறும் இரும்பைவிட எவ்வளவோ மேல். பழைய சோனகத் தெரு இரும்புச் சாமான் கடைகளில் வாங்கும்போதே கல்லாவில் நின்று ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

அலுமினியப் பான்ட்ரி செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் சட்டத்தில் காந்தம் ஒட்டாது என்பதால் எதிர்த்தகட்டை இரும்புத் திருகாணியால் இறுக்குகிறீர்கள். உப்பீரம் பட்டால் அந்தத் திருகாணியைச் சுற்றி அலுமினியம் அரித்து, வெண்தூளாகக் கொட்டும். அலுமினிய ரிவெட் போட்டு, தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்தால் சட்டத்தின் அரிப்பு குறையும்.

மெதுவாக மூடும் பிணைச்சல் போட்டிருந்தால் காந்தமே வேண்டாம். கதவில் 35 மில்லிமீற்றர்க் குழி வெட்டிப் பொருத்தும் அந்தப் பிணைச்சலில் உள்ள வில்லே கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் காந்தத்தையும் மாட்டினால், சத்தமின்றி மூட வேண்டிய கதவு கடைசி நொடியில் ‘டக்’ என்கிறது. இரண்டுக்கும் காசு வாங்கிய மதிப்பீட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கைபிடியே இல்லாமல், அழுத்தினால் திறக்கும் கதவு இப்போது நாகரிகம். அதற்கு வில் இல்லாத பிணைச்சல் வேண்டும், அழுத்துவதற்குக் கதவின் பின்னால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளியும் வேண்டும். அந்த இடைவெளியைப் பார்த்து “கதவு சரியாக உட்காரவில்லையே” என்று வீட்டுக்காரர் பிறகு கேட்பார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனிப் பொருத்துவது. முதலில் கதவைத் தொங்கவிட்டுப் பிணைச்சல்களைச் சரிசெய்யுங்கள். காந்தம் அதற்குப் பிறகுதான். கோணலாகத் தொங்கும் கதவைக் காந்தத்தால் நேராக்கப் பார்ப்பது வீண் வேலை. காந்தக் கூட்டில் இருக்கும் துளை நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. திருகாணியை அதன் நடுவில் போட்டு அரைகுறையாக இறுக்கினால் பின்னர் முன்னும் பின்னும் நகர்த்த இடமிருக்கும். எதிர்த்தகட்டைக் காந்தத்தின் மேலேயே ஒட்டவைத்துக் கதவை மூடி அழுத்துங்கள். தகட்டின் முதுகில் சிறு முனை இருந்தால் அதுவே கதவில் இடத்தைக் குறித்துத் தரும்; இல்லாவிட்டால் சற்றுச் சுண்ணக்கட்டி தடவினால் போதும். கண்மதிப்பில் குறிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். 16 மில்லிமீற்றர்ப் பலகையில் 20 மில்லிமீற்றர்த் திருகாணியை ஏற்றி மறுபக்கம் முனை எட்டிப்பார்த்த கதவுகள் எங்கள் கட்டடத்திலேயே உண்டு. குறுகிய திருகாணி போடுங்கள், முன்துளை இடுங்கள், கடைசிச் சுற்றைக் கையால் திருகுங்கள். மின்திருகியால் முறுக்கித் தள்ளினால் துகள்பலகைக்குள் பிடிமானம் தூளாகிவிடும். எதிர்த்தகடு மயிரிழை அசைய வேண்டும். அப்போதுதான் இரண்டு விளிம்பிலும் தானாகப் படியும். மொறட்டுவையிலிருந்து வரும் தேக்கு, மகோகனி அலுமாரிகளுக்கு இந்த அசைவு இன்னும் அவசியம், ஏனென்றால் மரம் மழைக்கு ஊதி வெயிலுக்கு ஒடுங்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பலகையில் குழி தோண்டி, பொத்தான் அளவு வெள்ளி நிறக் காந்தத்தைப் பசை போட்டுப் பதிக்கும் பழக்கம் வந்திருக்கிறது. அவை 1980களில் வந்த நியோடிமியக் காந்தங்கள். அளவுக்கு மீறிய பலம், பார்க்கவும் அழகு. இந்த ஈரத்தில் பசை விட்டால் அது தரையில் உருளும். ஒன்றுக்கு மேற்பட்டதைக் குழந்தை விழுங்கிவிட்டால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் கிடந்தபடி அவை ஒன்றையொன்று இழுத்து நடுவில் உள்ள குடற்சுவரைத் துளைத்துவிடும். சத்திரசிகிச்சை செய்ய நேரும், உயிருக்கே ஆபத்தும் ஆகலாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைப் பதிக்காதீர்கள், வீட்டுக்காரர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். திருகாணியில் நிற்கும் பழைய பிளாஸ்டிக் கூட்டுக் காந்தமே போதும்.

நான் கேட்கும் வரி இப்படி இருக்கலாம்: ‘மேலடுக்குக் கதவு ஒவ்வொன்றுக்கும் நான்கு கிலோ ஃபெரைட் காந்தம் ஒன்று, கைபிடிப் பக்கம், மேற்பலகையின் அடியில், 430 ரக எதிர்த்தகடு, ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து சரிசெய்து தரப்படும்.’ கடைசித் துண்டு உங்களுக்குக் கசக்கலாம். பலகை புதிய வீட்டின் ஈரத்துக்குப் பழகியதும் நீளத் துளையில் திருகாணியைச் சற்றே நகர்த்துகிற வேலைதான் அது. எங்கள் கட்டடத்தில் அடுத்ததாக மூன்றாம் மாடி வீடு ஒன்று சமையலறையைப் பிரிக்கப்போகிறது. மதிப்பீடுகள் இந்த மாதக் கடைசிக்குள் வரும். அவற்றில் இந்த வரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைக் குடியிருப்பாளர் ஒருத்தி