அந்த ஒரு வாரம் மட்டும்: நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேடையில் மைக் பிடிக்கிறவர்களுக்கும், நிகழ்ச்சிகளுக்கு வசனம் எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும், நடுராத்திரியில் உட்கார்ந்து மீம் தட்டுகிறவர்களுக்கும்,

வணக்கம். நானும் உங்கள் தொழில்காரன்தான். பதினோரு வருடமாக அடுத்தவர் பேசுவதற்கு ஜோக் எழுதிக் கொடுக்கிறேன். அதில் ஏழு வருடம் குடித்துக்கொண்டே எழுதியது, நாலு வருடம் குடிக்காமல் எழுதியது. எதில் சிரிப்பு அதிகம் என்று மட்டும் கேட்காதீர்கள், அது வேறு பஞ்சாயத்து.

பிரபலமான ஒருவர் போதையில் விழுந்தார், மறுவாழ்வு மையத்தில் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்ததும் நம் கை தானாகப் போனை எடுக்கும். விழுந்தவர் காமெடியன் என்றால் கேட்கவே வேண்டாம். ஊரையே சிரிக்க வைத்தவன் கதை சிரிப்பாய்ச் சிரிக்கிறது என்று முதல் வரி ரெடி. நானே எழுதியிருக்கிறேன். அந்த முதல் வாரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

கிரெய்க் ஃபெர்குசனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கிளாஸ்கோவில் பிறந்து, அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2005 முதல் 2014 வரை 'லேட் லேட் ஷோ' நடத்தியவர். 2007 பிப்ரவரியில் அமெரிக்க பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் தலையை மழித்துக்கொண்ட படம் உலகத்தையே சுற்றி வந்தது. ராத்திரி நிகழ்ச்சி நடத்துகிறவனுக்கு அதைவிட அல்வா மாதிரி விஷயம் கிடைக்குமா? ஆனால் அந்தத் திங்கட்கிழமை ஃபெர்குசன் மேடைக்கு வந்து, அந்தப் பெண்ணைப் பற்றி இன்றைக்கு ஜோக் கிடையாது என்று சொல்லிவிட்டார். முந்தைய நாள், பிப்ரவரி 18, அவர் குடியை நிறுத்திப் பதினைந்து வருடம் முடிந்த நாள்.

அதற்குப் பிறகு அவர் பேசியது சுமார் பன்னிரண்டு நிமிடம், முழுக்கத் தன் கதை. 1991 கிறிஸ்துமஸ் காலையில் லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியில், நாறிப்போன உடுப்போடு கண் விழித்திருக்கிறார். டவர் பிரிட்ஜிலிருந்து குதித்துவிடுவது என்று முடிவுசெய்து கீழே இறங்கினால், பண்டிகை நாளாயிற்றே என்று தெரிந்தவர் ஒருவர் ஒரு கிளாஸ் ஷெரி ஒயின் நீட்டுகிறார். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது, குதிக்கப் போன விஷயமே மறந்துபோனது. அடுத்த பிப்ரவரியில்தான் உதவி கேட்டு, சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். அந்தப் பேச்சைப் பாருங்கள். எங்கே சிரிப்பது என்று கூட்டத்துக்குப் பிடிபடவே இல்லை. அவரும் விளக்கவில்லை. தொழில் தெரிந்தவர் அந்தச் சங்கடத்தை அப்படியே தொங்க விட்டுவிடுகிறார். அவர் வாங்கின சிரிப்பையெல்லாம் விட எனக்கு அதுதான் பெரிய வித்தையாகத் தெரிகிறது.

இனி என் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிகிச்சையில் சேர்ந்து ஒன்பதாவது நாள். அங்கே டீயை அரை டம்ளர்தான் ஊற்றுவார்கள். முழுசாக ஊற்றினால் வாய்க்குப் போவதற்குள் சட்டைக்குப் போய்விடும். அப்படியும் இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்போம். சாயங்காலம் அரை மணி நேரம் போனைக் கையில் தருவார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். "தம்பி, நீங்க சிரிப்பு எழுதுறவராமே, இதப் பாருங்க" என்று போனை என் பக்கம் திருப்பினார். குடித்துவிட்டு மையத்தில் சேர்ந்த ஒரு பிரபலத்தைப் பற்றி நாலு வரி ஜோக். படித்துப் படித்துச் சிரித்தார். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த நாலு வரியும் நான் எழுதியது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு நிகழ்ச்சிக்காக எழுதினேன். பெயர் உதிர்ந்து, ஃபார்வர்டு ஃபார்வர்டாக ஊர் சுற்றி, கடைசியில் என் கட்டிலுக்கே வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "இத எம் மகன் ஆபீஸ்லயும் யாராச்சும் அனுப்பியிருப்பாங்கல்ல?" வீட்டில் அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருப்பதாகத்தான் உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தார். ஜோக்கால்தான் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கட்டத்தில் எங்கள் எல்லோருக்குமே தினம் மூன்று தடவை போய்விடத்தான் தோன்றும், எந்தச் சாக்கு கிடைத்தாலும் போதும். என் நாலு வரி அவருக்கு ஒரு சாக்காகவாவது இருந்திருக்கும். அது எனக்கு உறுத்துகிறது.

நம் ஜோக் அந்தப் பிரபலத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை. அவரைச் சுற்றி வக்கீல், மேனேஜர், டாக்டர் என்று ஒரு பட்டாளம் நிற்கும். போய்ச் சேர்கிறவன், "நாளைக்கு யார்கிட்டயாவது சொல்லிடலாமா" என்று பாத்ரூமில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறவன். வாயைத் திறந்தால் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை அவனுக்கு நாம்தான் இலவசமாகக் காட்டித் தருகிறோம்.

"மனசு வெச்சா விட்டுடலாம், இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்பதும் நம் கையிருப்பில் இருக்கிற ஜோக்தான். இதை மட்டும் தயவுசெய்து குப்பையில் போடுங்கள். பல வருடம் நிறைய குடித்த உடம்பில் குடியைத் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் போனபின் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், ஆள் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் பிதற்றுவார். டாக்டர்கள் அதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். கவனிக்காவிட்டால் உயிரே போகும். வைராக்கியமாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குடியை விடுகிறேன் என்று கிளம்புகிறவனுக்கு டாக்டரிடம் போவது கோழைத்தனம் என்று சொல்லிக் கொடுக்கிற ஜோக் அது.

"அப்போ குடியை வெச்சு சிரிக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். என் பிழைப்பே அதுதானே, எப்படி வேண்டாம் என்பேன்.

அமெரிக்க மேடைக் காமெடியன் ரிச்சர்ட் ப்ரையர் 1980 ஜூனில் கொக்கைன் வெறியில் தீப்பிடித்து, உடம்பில் பாதி வெந்து, லாஸ் ஏஞ்சலஸில் பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். 1982இல் வந்த அவருடைய மேடைப் படத்தின் முடிவில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, ஆட்டி ஆட்டி நகர்த்திக்கொண்டே, இது என்ன தெரியுமா, தெருவில் ஓடுகிற ரிச்சர்ட் ப்ரையர் என்றார். ஊர் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த ஜோக் அது. தன் கையில் வாங்கித் தானே கொளுத்திக் காட்டினார். அதே வரியை அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொன்னவனும் இவரும் ஒன்றா?

இன்னொரு அமெரிக்கக் காமெடியன் ஜான் முலேனியைப் பாருங்கள். 2020 டிசம்பரில் நண்பர்கள் கூடி உட்கார்ந்து பேசி அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். 2023இல் வந்த நிகழ்ச்சியில் ஒரு கைக்கடிகாரக் கதை சொல்கிறார். போதைப்பொருளுக்குக் கையில் காசில்லை. கார்டில் 12,000 டாலருக்கு ரோலெக்ஸ் வாங்கி, அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் பணமாக்கினாராம். அரங்கம் உருண்டு சிரிக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றில் ஒரு பிசைவு. அந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. நான் விற்றது கடிகாரம் இல்லை, அவ்வளவுதான்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. "மீண்டு வந்தார்" என்று மாலை போடுகிற செய்தி. அதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் எண்பதுகளில் குடியை நிறுத்தி ஏறக்குறைய இருபது வருடம் தொடாமல் இருந்தவர். 2003இல் அலாஸ்காவில் ஒரு படப்பிடிப்பில் மறுபடி தொட்டார், 2006இல் தானே போய்ச் சிகிச்சையில் சேர்ந்தார். இருபது வருடம் வீண் என்று எழுத எந்த மடையனுக்கும் உரிமை இல்லை. நாலு வருடக்காரனான எனக்கு அந்த இருபது பெரிய மலை. "திருந்திட்டாரு" என்று முற்றுப்புள்ளி வைத்தால், திரும்ப வழுக்கும்போது "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிற ஜோக்குக்கு அதுதான் முதல் வரி ஆகிவிடுகிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒருவர் சேர்ந்த செய்தி வந்த அந்த ஒரு வாரம் மட்டும் பேனாவைக் கீழே வையுங்கள். நம்மில் யாரும் அந்த ஒரு வாரத்தில் பட்டினி கிடந்துவிட மாட்டோம். அவர் வெளியே வந்து, தானே மேடையேறித் தன்னைக் கிழித்துக்கொள்ளட்டும். நம்மைவிட நன்றாகவே கிழிப்பார், நேரில் பார்த்தவர் அவர்தானே.

அடுத்த மாதம் நான் முதல் தடவையாக நானே மைக் பிடிக்கப் போகிறேன். குடிகாரன் ஜோக் நாலு வைத்திருக்கிறேன், நாலும் என்னைப் பற்றியது. அரை டம்ளர் டீ ஒன்று, பக்கத்துக் கட்டில் ஒன்று. மூன்றாவது பரவாயில்லை. நாலாவதுக்கு முடிவு இன்னும் சரியாக விழவில்லை. வருகிறவர்கள் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்