மூச்சு சொல்லித் தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பிராணாயாமமும் தியானமும் சொல்லித் தருகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவரிடம் கற்றவள்தான். இருபது வருடத்துக்கு மேலாக விடியற்காலையில் பாயை விரித்து உட்கார்ந்து மூச்சைக் கவனித்து வருகிறேன். என் வாழ்க்கையில் சில வருடங்களைத் தாண்டி வந்ததே அந்தப் பாயின் புண்ணியத்தில்தான். வெளியே நின்று கல்லெறிகிறவளின் கடிதம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய் உண்டு. மாத்திரையில் அது அடங்கியிருந்தது. நாலு வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. மனது கொஞ்சம் அமைதியாகட்டும் என்று அவனை ஒரு மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டேன். ஆமாம், சேர்த்தது நான்தான். முதல் வாரமே எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து, வேகவேகமாக மூச்சை இழுத்துத் தள்ளச் சொன்னார்கள். உடம்பில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. விரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, தலை லேசாகிறது என்று இவன் சொன்னபோது, "சக்தி விழிக்கிறது, விடாமல் செய்" என்றார் ஆசிரியர். மாத்திரை சாப்பிடுகிற விஷயத்தைச் சொன்னதும், "அது பிராணனை அடைத்துவிடும். நீ இந்த உடம்பு கிடையாது, ஆத்மா. ஆத்மாவுக்கு ஏது நோய்?" என்றார்.

அவன் நம்பினான். எனக்குக்கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினான். ஒன்பதாம் நாள் காலையில் குளியலறையில் விழுந்தான். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு உடைத்து உள்ளே போனபோது நான் பார்த்ததை இங்கே எழுத மாட்டேன். தலையில் ஏழு தையல். பிழைத்துக்கொண்டான்.

எந்த வகுப்பு, யார் என்று சொல்லப் போவதில்லை. அந்த ஆசிரியர் கெட்டவரும் இல்லை. பார்க்க வந்தார், கண் கலங்கினார். அவருக்குச் சொல்லித் தந்தவர்கள் சொன்னதை அப்படியே இவனுக்குச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அதனால்தான் ஒருவர்மீது புகார் எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். அவர் பேச்சில் உடம்பு, பிராணன், உயிர் என்ற மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. அந்தக் குழப்பம் நம்மில் பலரிடம் இருக்கிறது. பல வருடம் என்னிடமும் இருந்தது.

முதலில் அந்த விரல் நுனி விஷயம். வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் மூளைக்குப் போகிற இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடி, விரல்களும் உதட்டைச் சுற்றியும் மரத்துப் போய்க் குறுகுறுக்கின்றன. பயத்தில் மூச்சு வாங்கும் ஒருவருக்கும் இதேதான் நடக்கும். அவருக்குச் சக்தி விழித்துவிட்டது என்று நாம் சொல்வதில்லையே! வலிப்பு உள்ள சிலருக்கு இப்படி வேகமாக மூச்சு விடுவதே வலிப்பைத் தூண்டிவிடும். வலிப்பைக் கண்டறியும் மூளை அலைப் பரிசோதனையில் நோயாளியை வேண்டுமென்றே சில நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வது அதனால்தான். அங்கே பக்கத்தில் ஆள் இருக்கிறார், கருவி இருக்கிறது. நம் வகுப்பில் என்ன இருக்கிறது?

இதைச் சொன்னால் பிராணன் என்ற ஒன்றே பொய் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் பிராணனை நம்புகிறவள். இதயம் தானாகத் துடிக்கிறது, நாம் சொன்னால் நிற்காது. கை நாம் சொன்னால்தான் அசையும். மூச்சு மட்டும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாம் தூங்கினாலும் ஓடுகிறது, விழித்திருந்து சொன்னால் கேட்கவும் செய்கிறது. வெளிமூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணிகிறது. படபடப்பும் கூடவே இறங்குகிறது. மனதின் கதவு மூச்சில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்! ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று சித்தர் மரபில் ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 15 என்று பெருக்கினால் சரியாக வருகிறது. அமைதியாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 என்பதுதான் இன்றைய மருத்துவம் சொல்வதும். எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னது அது, அதனால்தான் எனக்கு அந்த மரபின்மேல் அவ்வளவு மரியாதை.

ஆனால் அந்த மரபே பிராணனை உயிர் என்று சொல்லவில்லை. அதை நாம் மறந்துவிட்டோம்.

உடம்புக்குள் இயங்குவதாக யோக மரபு சொல்லும் பத்து வாயுக்களை நீங்கள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வீர்கள். பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன், அப்புறம் நாகன், கூர்மன், கிருகரன், தேவதத்தன், தனஞ்சயன். இந்தக் கடைசி ஆளை வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுகிறோம். மற்ற ஒன்பதும் போன பிறகும் உடம்பை விடாமல் தங்கி, பிணத்தை வீங்கச் செய்வது தனஞ்சயன் என்கிறது மரபு. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உயிர் போய்விட்டது, வாயு ஒன்று மிச்சம் இருக்கிறது. அப்படியென்றால் இந்த வாயுக்கள் உடம்பில் வேலை செய்கிறவை, உயிர் வேறு என்று சொன்னவர்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தில் இதை இன்னும் கறாராகச் சொல்லிவிட்டார். மொத்தமே 12 சூத்திரம். அதில் மூன்றாவது, உயிர் என்று ஒன்று உண்டு என்பதற்கான வாதம். 'எனது உடல்' என்று சொல்கிறோமே, அப்படிச் சொல்கிறவர் உடலாக இருக்க முடியாது என்பது அதில் ஒன்று. எனக்குப் பிடித்தது அதற்கும் பின்னால் வருவது: கண்படில் உண்டிவினை இன்மையின். ஆழ்ந்து தூங்கும்போது மூச்சு நிற்காமல் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனாலும் உண்பதும் இல்லை, செய்வதும் இல்லை. மூச்சேதான் உயிர் என்றால் தூக்கத்திலும் அந்த வேலைகள் நடக்க வேண்டுமே? நடக்கவில்லை. ஆகவே உயிர் வேறு. பிராணவாயுதான் ஆன்மா என்று வாதிட்டவர்களுக்கு அவர் தந்த பதில் இது. அதே சூத்திரத்தில் 'உணர்த்த உணர்தலின்' என்றும் ஒரு சொல் வருகிறது. உயிர் தானாக எல்லாம் அறிந்துவிடாது, அறிவிக்க அறியும் என்பது பொருள். ஆசிரியர் என்று முன்னால் உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் நான் அதை நினைத்துக்கொண்டது உண்டு. நானும் ஒரு காலத்தில் நாலு பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன்.

குழப்பம் வருவதற்கு நம் மொழியும் ஒரு காரணமோ என்று தோன்றும். உயிர்ப்பு என்றால் மூச்சு. உயிர், உயிர்ப்பு, உயிர்த்தல் எல்லாம் ஒரே வேரில் இருக்கின்றன. ஆனால் அதே மொழிதான் எழுத்துக்குப் பெயர் வைக்கும்போது உயிர் 12, மெய் 18 என்று பிரித்து, இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய் 216 என்று குழந்தைக்குச் சொல்லித் தருகிறது. மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உண்மையும்கூட. உடம்பைப் பொய் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இந்த ஒரு சொல்லே போதுமான பதில் என்று எனக்குப் படும்.

சரி, உயிர் வேறு உடம்பு வேறு என்றால் உடம்பை மதிக்க வேண்டாமா? இங்கேதான் தம்பிக்கு நடந்த அநியாயம் இருக்கிறது. திருமூலரின் ஒரு வரியை நம் வகுப்புகளில் சுவரில் எழுதி வைக்கிறோம், 'உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே' என்று. அதற்கு அடுத்த பாட்டில் அவர் ஒரு ஒப்புதல் தருகிறார். 'உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன்.' முன்பு நானும் இதை இழிவு என்றுதான் நினைத்திருந்தேன் என்கிறார்! பிறகு அதற்குள்ளேயே உறுபொருளைக் கண்டு, அங்கே உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டு, உடம்பைப் பேண ஆரம்பித்தேன் என்கிறார். தான் நினைத்தது தவறு என்று அவ்வளவு பெரிய யோகி வெளிப்படையாகச் சொல்லியிருக்கும்போது, நாம் மட்டும் அவர் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே நின்றுகொண்டு 'இது வெறும் சட்டை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சைவ சித்தாந்தத்தில் உடம்பு மாயையிலிருந்து வந்தது என்று சொல்வது உண்டு. மாயை என்றதும் ஏமாற்று என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே அதற்கு விளக்கை உவமையாகச் சொல்வார்கள். அறிவை மறைக்கும் ஆணவம் என்ற இருட்டில் கிடக்கும் உயிருக்கு, விடியும்வரை கையில் தந்த விளக்கு இந்த உடம்பு. விளக்கில் எண்ணெய் குறைந்தால் ஊற்றத்தான் வேண்டும். என் தம்பியின் மாத்திரை அந்த எண்ணெய்தான்.

கூட்டை விட்டுப் பறவை பறந்துபோவது போன்றது உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு என்ற குறளையும் (338) நாம் அடிக்கடி சொல்கிறோம். பற்று விடச் சொல்லத்தான் அது. ஆனால் பரிமேலழகர் அந்தக் 'குடம்பை'க்கு முட்டை என்று பொருள் எழுதியிருக்கிறார். பருவம் வந்ததும் ஓட்டை விட்டுப் பறக்கிறது பறவை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தக் குறள் வேறு மாதிரி கேட்கிறது. பருவம் வரும்வரை குஞ்சுக்கு அந்த ஓடுதான் உலகம். வெளியிலிருந்து ஒரு கை அதை முன்கூட்டியே உடைத்தால் பறவையும் இல்லை, முட்டையும் இல்லை.

எல்லாரும் இப்படி நினைப்பதில்லை என்பதும் தெரியும். பௌத்தம் நிலையான ஆன்மா என்று ஒன்றை ஏற்கவில்லை. சமணம் உயிர் தான் இருக்கும் உடம்பின் அளவுக்கு நிறைந்திருக்கும் என்கிறது. உங்களிடம் வருகிறவர்களில் எதையும் நம்பாதவர்களும் இருப்பார்கள், முதுகுவலிக்காக வந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் எதை நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வாயிலிருந்து வருகிற ஒரு சொல், சுருண்டு போயிருக்கிற ஒருவர் காதில் எப்படி விழுகிறது என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் தம்பியை அதிகம் உடைத்தது கீழே விழுந்தது இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் ராத்திரி, "என் பிராணன்தான் அசுத்தமா அக்கா? நான் சரியாக நினைக்காததால்தான் வந்ததா?" என்று கேட்டான். நோய் வந்தவரிடம் உன் எண்ணம் சரியில்லை, உன் சக்தி அடைத்திருக்கிறது, பழைய வினை என்றெல்லாம் சொல்வது அவர் தலையில் இரண்டாவது நோயை ஏற்றி வைப்பது. வினையை நானும் நம்புகிறேன். ஆனால் அடுத்தவர் வினைக்கணக்கைப் படித்துச் சொல்கிற உரிமை நமக்கு யார் தந்தது? புற்றுநோய் வந்தவரிடம், குழந்தை தங்காத பெண்ணிடம் இப்படிப் பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அப்போது நான் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அது இப்போது உறுத்துகிறது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. சேருகிறவரைத் தனியாக அழைத்து, வலிப்பு உண்டா, இரத்த அழுத்தமா, இதயத்தில் தொந்தரவா, கர்ப்பமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்கேற்ப வேக மூச்சையும் மூச்சடக்குவதையும் விலக்குங்கள். மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ ஒருபோதும் சொல்லாதீர்கள், மறைமுகமாகக்கூட. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மூச்சை இழுக்கிற பூரகத்துக்கு 16, அடக்குகிற கும்பகத்துக்கு 64, விடுகிற ரேசகத்துக்கு 32 மாத்திரை நேரம் என்று திருமூலர் சொன்ன கால அளவுக் கணக்கை முதல் வாரமே பலகையில் எழுதிப் போடாதீர்கள். அது குருவின் கண்ணெதிரில் பல வருடம் பழகுகிறவர்களுக்கானது. யாராவது தலை சுற்றுகிறது என்றால் நிறுத்தச் சொல்லி, சாதாரணமாக மூச்சு விடவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். அந்த நேரத்தில் சக்தி, சக்கரம் எதுவும் பேச வேண்டாம்.

தம்பி இப்போது மறுபடியும் உட்காருகிறான். என் பாய்க்குப் பக்கத்தில் அவன் பாய். அவனுடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம். இழுப்பதும் அடக்குவதும் கிடையாது, வருகிற மூச்சை வருகிறபடி கவனிப்பது மட்டும். பாயின் ஓரத்தில் மாத்திரை டப்பா இருக்கும். முடிந்ததும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போவான்.

என்னோடு மட்டும் உட்கார்ந்தால் போதவில்லை, நாலு பேரோடு சேர்ந்து கற்க வேண்டும் என்று போன வாரம் சொன்னான். இன்னொரு வகுப்பு தேடுகிறான். மாத்திரை டப்பாவோடு வந்தால் சேர்த்துக்கொள்வார்களா அக்கா என்று கேட்கிறான். உங்களில் யாராவது பதில் சொன்னால் அவனிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்களிடம் கற்ற ஒருத்தி