தடையைத் தேடாதீர்கள், பதிலைச் சொல்லுங்கள்: உலமாப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலிம்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தொழுகை தவறாத பிள்ளை. சில மாதங்களுக்கு முன் ஒரு கேள்வியோடு வந்தான். “மாமா, நபிகள் நாயகம் சொல்லச் சொல்ல எழுதினவர் ஒருத்தர் வசனத்தையே மாத்தி எழுதினாராமே, நிஜமா?” விடுதி அறையில் சல்மான் ருஷ்தியின் ‘சாத்தானின் வசனங்கள்’ பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. என்னிடம் வரும் முன்பே ஓர் ஆலிமிடம் கேட்டிருக்கிறான். “அந்தக் குப்பையை ஏன் தொடுகிறாய்?” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அவன் தொடவில்லை. கேள்விதான் கேட்டான்.

அதனால் நான் அதைப் படித்தேன். வலித்தது, மறைக்கவில்லை. உம்முஹாத்துல் முஃமினீன் (நம்பிக்கையாளர்களின் அன்னையர்) என்று நாம் மரியாதையோடு சொல்லும் நபிகள் நாயகத்தின் மனைவியரின் பெயர்களை விலைமாதருக்குச் சூட்டியிருக்கும் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் கடக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். ‘வெறும் கதைதானே, இதற்கு ஏன் கோபம்?’ என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டில் குர்ஆன் எந்த உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. நம் ஆட்சேபம் நியாயமானது. அதில் எனக்கும் உங்களுக்கும் இடையே கருத்து வேறுபாடே இல்லை.

ஆனால் அந்த நாவலின் உண்மையான குத்து அங்கே இல்லை, எழுத்தர் கதையில் இருக்கிறது. சல்மான் என்ற பெயருள்ள எழுத்தர், சொல்லப்படும் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எழுதிப் பார்க்கிறார். மாற்றம் கவனிக்கப்படாததைக் கண்டு நம்பிக்கை இழக்கிறார். நபிக்கு வந்த இறைச்செய்தியான வஹீயின் மீதே சந்தேகத்தைத் தூவும் இடம் அது. ருஷ்தி அதை வானத்திலிருந்து பறித்து வரவில்லை. அப்துல்லாஹ் இப்னு ஸஅத் இப்னு அபீ ஸர்ஹ் பற்றி நம் வரலாற்று நூல்களிலேயே செய்தி இருக்கிறது. வஹீயை எழுதியவர்களில் ஒருவராக இருந்து, மார்க்கத்தை விட்டு மக்காவுக்கு ஓடிப்போனவர். மக்கா வெற்றியின்போது அவருக்கு மரண தண்டனை காத்திருந்தது. பால்குடிச் சகோதரரான உஸ்மான் (ரலி) அழைத்து வந்து பரிந்து பேச, மன்னிப்புக் கிடைத்தது. மீண்டும் இஸ்லாத்துக்கு வந்தார். பிற்காலத்தில் எகிப்தின் ஆளுநராகவே ஆனார்! நாவலில் இல்லாத இந்தப் பாதியை அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

குர்ஆன் ஒரே எழுத்தரின் கையை நம்பி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுதியவர்கள் பலர், மனனம் செய்தவர்கள் அதைவிடப் பலர். தினமும் தொழுகையில் சத்தமாக ஓதப்பட்ட வேதம் அது. நபிகளின் மறைவுக்குப் பின் நடந்த யமாமா போரில், குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ்கள் பலர் ஷஹீதான பிறகு, முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) ஸைத் இப்னு ஸாபித்திடம் அதைத் தொகுக்கும் பொறுப்பைத் தந்தார். ஒரு மலையை நகர்த்துவதுகூட இதைவிடப் பாரமாக இருந்திருக்காது என்று ஸைத் சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. எத்தனை பயத்தோடு அந்த வேலை நடந்தது என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். நாவலின் தலைப்புக்குக் காரணமான கரானீக் கதையும், அதாவது மக்காவின் பெண் தெய்வங்களைப் புகழும் வரிகளைச் சாத்தான் நபியின் நாவில் நுழைத்தான் என்ற கதையும், நம் நூல்களில் உள்ளதுதான். வரலாற்றாசிரியர் தபரீயிடம் அது இருக்கிறது. இப்னு குஸைமாவும் காழி இயாழும் அதை மறுத்திருக்கிறார்கள், இப்னு தைமிய்யா ஏற்றிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளாக நம் அறிஞர்கள் கூச்சமில்லாமல் விவாதித்த விஷயத்தைப் பேச இன்று நாம் ஏன் பயப்பட வேண்டும்?

நாம் செய்ததென்ன? 1988 செப்டம்பர் 26ஆம் தேதி லண்டனில் நாவல் வெளியானது. அக்டோபர் 5ஆம் தேதி இந்திய அரசு இறக்குமதிக்குத் தடை போட்டது. தடை கேட்டவர்களில் முன்னணியில் நின்ற அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் சையத் ஷஹாபுத்தீன், தான் நாவலைப் படிக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். 1989 பிப்ரவரி 24ஆம் தேதி பம்பாயில் நாவலை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த ஆங்கில நாவலைக் கையால் தொட்டிருப்பார்கள்? அந்தப் பன்னிரண்டு குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த நாவலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஹிதோஷி இகராஷி 1991இல் கொல்லப்பட்டார். அவர் இஸ்லாமிய நாகரிகத்தைப் படித்த அறிஞர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1994இல் கெய்ரோவில், எண்பது வயதைத் தாண்டிய எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூழின் கழுத்தில் கத்தி இறங்கியது. 1959இல் ‘அல் அஹ்ராம்’ பத்திரிகையில் அவர் எழுதிய தொடர்கதைக்காக 35 ஆண்டுகள் கழித்து. குத்தியவன் அதைப் படித்ததில்லை. 2022இல் ருஷ்தியின் ஒரு கண்ணைப் பறித்தவனும் அந்த நாவலில் ஓரிரு பக்கம்தான் படித்ததாகச் சொன்னான். படிக்காதவன் கையில் கத்தி வந்தபோதெல்லாம், படித்த ஆலிம்களின் குரல் போதிய சத்தத்தில் எழவில்லை என்பதே என் வருத்தம்.

அந்தத் தடையும் கடைசியில் என்ன ஆனது? 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்தத் தடை அறிவிக்கையை யாராலும் காட்ட முடியவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்லியில் புத்தகம் விற்பனைக்கு வந்ததும் சில அமைப்புகள் மறுபடியும் தடை கேட்டன. சரி, தடை கிடைத்தாலும் கைபேசியில் இருப்பதை எந்தச் சுங்க அதிகாரி நிறுத்துவார்?

அல்லாஹ்வின் வசனங்கள் கேலி செய்யப்படும் சபையில், அவர்கள் வேறு பேச்சுக்குப் போகும்வரை உட்காராதீர்கள் என்கிறது சூரா அந்நிஸாவின் 140ஆம் வசனம். எழுந்து போகச் சொல்கிறது, பேச்சு மாறினால் திரும்ப உட்காரவும் இடம் விடுகிறது. வசை பாடிய கவிஞர் கஅப் இப்னு ஸுஹைர் மனம் மாறி வந்து கவிதை பாடியபோது, நபிகள் நாயகம் (ஸல்) தங்கள் போர்வையையே போர்த்தினார்கள். எதிரிகளின் கவிதைக்கு ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) கவிதையாலேயே பதில் சொல்ல, பள்ளிவாசலுக்குள் அவருக்கு மேடை போடப்பட்டது. ஜும்ஆ பயானில் இந்தச் செய்திகளை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். அப்புறம், ஒரு நாவல் வந்ததும் அந்த மேடை எங்கே போனது?

என் கோரிக்கை பெரியதல்ல. பட்டமளிப்புக்கு முன் மதரஸா மாணவர்கள் இத்தகைய நாவல்களில் ஒன்றையாவது ஆசிரியர் துணையோடு படிக்கட்டும். வேதம் தொகுக்கப்பட்ட வரலாற்றைத் தமிழில், கல்லூரிப் பிள்ளைக்குப் புரியும் நடையில் எழுதி ஒவ்வொரு பள்ளிவாசல் நூலகத்திலும் வையுங்கள். கண்டனக் கூட்டம் போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் மேடையில் பேசுபவர் அந்தப் புத்தகத்தைப் படித்தவராக இருக்கட்டும்.

மருமகனுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதை ஹஜ்ரத்தும் சொல்லியிருக்கலாமே மாமா” என்றான். ரமளான் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறான். உங்களில் யாராவது ஒருவர் தராவீஹ் முடிந்த பின் அவனோடு அரை மணி நேரம் உட்கார முடியுமா?

வஸ்ஸலாம்.