ஹீலர் பின்னால் நிற்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'பால்டர்ஸ் கேட் 3' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடப் புதிதாக இறங்குவோருக்கு நீங்கள் தந்திருந்த குறிப்புகளைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் இதற்கும் இடம் கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் ஒருவரை ஹீலராகப் பின்னால் நிறுத்தி, டர்னுக்கு டர்ன் (அதாவது நம் முறை வரும்போதெல்லாம்) அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்களே, அதை நம்பிப் போனால் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் முதல் கூட்டத்திலேயே கதை முடிந்துவிடும். நான் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். வைத்தியம் வேண்டாம் என்று நானே சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கும்.

பார்ட்டியில், அதாவது நம் அணியில், நாலு பேர். ஒரு டர்னில் ஆளுக்கு, வெட்டுவது, மந்திரம் போடுவது போன்ற ஒரு ஆக்‌ஷன், கூடவே சின்ன வேலைக்கு ஒரு போனஸ் ஆக்‌ஷன். முதல் லெவலில் நம் அணியின் கிளெரிக் (தெய்வ மந்திரம் போடும் பூசாரி) ஷேடோஹார்ட் 'கியூர் வூண்ட்ஸ்' என்ற வைத்திய மந்திரம் போட்டால் எட்டு முகப் பகடை ஒன்று உருளும், அதோடு மூன்று சேரும். சராசரி ஏழரை உயிர்ப்புள்ளி திரும்பும். அதற்கு ஒரு முழு ஆக்‌ஷன் போய்விடும். ஒரு கோப்ளினின் ஒரே வெட்டு அதில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். வெட்டுவது இரண்டு கோப்ளின் என்றால் நமக்கு நஷ்டம்தான். ரத்தம் பீறிடும் இடத்தை அழுத்திப் பிடிக்காமல் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றுகிற மாதிரி இது.

இன்னொன்று. உயிர்ப்புள்ளி ஒன்றே மிச்சமிருக்கும் எதிரியும் முழுத் தெம்போடு இருப்பவனைப் போலவே அடிப்பான். சனிக்கிழமைகளில் ஜாலஹள்ளியிலிருந்து வரும் என் தங்கை மகள்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. பாழடைந்த கிராமத்தின் நுழைவாயிலில் கூரை மேல் வில்லோடு கோப்ளின்கள் காத்திருப்பார்கள் அல்லவா? பெரியவள் ஒவ்வொருவனுக்கும் ஒரு அம்பு என்று சமமாகப் பங்கிட்டாள். எல்லோருக்கும் காயம், ஒருவனும் சாகவில்லை. அடுத்த டர்னில் அத்தனை பேரும் எய்தார்கள், எங்கள் அணியின் ஆஸ்டாரியன் விழுந்தான். நம் நாலு பேரும் ஒருவனையே குறிவைத்து அடிக்க வேண்டும். அவன் செத்த பிறகுதான் அடுத்தவன். உயரத்திலிருந்து எய்தால் பகடையில் இரண்டு கூடும், கீழிருந்து எய்தால் இரண்டு குறையும். ஆகவே ஏணியைத் தேடுங்கள். கூரை விளிம்பில் நிற்பவனைத் தள்ளிவிட போனஸ் ஆக்‌ஷன் போதும். பல சமயம் வாளைவிட அது மேல்.

அப்படியானால் கிளெரிக்குக்கு என்ன வேலை? சண்டை தொடங்கியதும் 'பிளெஸ்' என்ற ஆசி மந்திரம். மூன்று பேருக்கு, பத்து டர்ன் வரை, குறி பார்க்கும்போதும் எதிரியின் மந்திரத்தைத் தாங்கும்போதும் நாலு முகப் பகடை ஒன்று கூடுதலாக விழும். ஆனால் இது கான்சென்ட்ரேஷனில், அதாவது போட்டவரின் கவனம் கலையாத வரைதான், நிற்கும் மந்திரம். போட்டவருக்கு அடி விழுந்தால் பத்தோ, வாங்கிய அடியில் பாதியோ, எது அதிகமோ அதைப் பகடையில் எட்ட வேண்டும். தவறினால் மூன்று பேருக்கும் போச்சு. அதனால் போட்ட கையோடு சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். யாராவது விழுந்தால் 'ஹீலிங் வேர்ட்' என்ற இன்னொரு வைத்திய மந்திரம் இருக்கிறது. 18 மீட்டர் தூரத்திலிருந்தே எழுப்பலாம், போனஸ் ஆக்‌ஷன்தான், கையிலிருக்கும் ஆக்‌ஷன் அப்படியே மிஞ்சும். மூன்றாம் லெவலில் 'ஹோல்ட் பெர்சன்' வந்துவிட்டால் இன்னும் சுகம்: மனித உருவில் இருக்கும் எதிரியை உறைய வைத்துப் பக்கத்தில் நின்று வெட்டினால், படுகிற ஒவ்வொரு வெட்டும் கிரிட்டிகல், அதாவது பலத்த அடி.

இதெல்லாம் புதிதுமல்ல. 1998ல் வந்த முதல் பாகம் ஐந்து சிடிகளில் வந்தது. அதை என் மகன் எஸ்.பி. ரோட்டிலிருந்து வாங்கி வந்தான். அதில் டர்ன் கிடையாது, ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி ஆறு பேருக்கும் கட்டளை கொடுப்போம். எதிரி மந்திரவாதி வாயைத் திறந்ததுமே ஒரு அம்பு. பட்டால் மந்திரம் பாழ். அங்கேயும் எதிரியின் முறையைப் பறிப்பதுதான் ஆட்டம். (தீப்பந்தை எறிந்து சொந்த ஆட்களையே கருக்குவதும் அப்போதிருந்தே உண்டு. இப்போது 'எவொகேஷன்' பிரிவு விஸார்டுக்கு (மந்திரவாதிக்கு) மட்டும் அந்தக் கவலை இல்லை.)

கடைசியாக, படத்துக்குக் கீழே கேல்தான் ஹீலர் என்று போட்டிருக்கிறீர்கள். கேல் விஸார்ட், கிளெரிக் ஷேடோஹார்ட். வரும் ஞாயிறு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
அல்சூர், பெங்களூரு.