விசாரணை முடியும் முன்பே தீர்ப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் பற்றிய கட்டுரையில், "பொய்க் கணக்கு எழுதிய ஆபரேட்டர்களின் உரிமங்கள் விசாரணையில் உள்ளன" என்று ஒரு வரி வந்திருக்கிறது. விசாரணையே முடியாதபோது பொய்க் கணக்கு எழுதினார்கள் என்று யார் முடிவு செய்தது? புகார் வேறு, குற்றம் வேறு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

22 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் மேலும் ஒரு புகார் வந்தது. ஒரு ராத்திரி, கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ப்ளோயர் ட்ரிப் ஆகி நின்று, ஏரேஷன் டேங்கில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு இறங்கிவிட்டது. நாங்கள் அதை 2-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வோம். நேரம் போட்டு, 0.3 என்றே லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் மேலதிகாரி வந்து, "அந்தப் புள்ளிக்கு முன்னாடி இருக்கிற சைபரை மட்டும் 2 ஆக்கிடுங்க" என்றார். நான் மாற்றவில்லை. அப்புறம் கலங்கிய தண்ணீர் வெளியே போனதற்குக் கவனக்குறைவு என்று என் பெயரில்தான் புகார் போனது.

7 மாசம் விசாரணை. லாக் புக், லேப் தாள், ஷிப்ட் அட்டவணை எல்லாம் கேட்டார்கள், கொடுத்தேன். ஒன்று நின்றால் ஓட வேண்டிய ஸ்டாண்ட்பை ப்ளோயரைச் சரிசெய்யச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்த கடிதங்களை நீட்டியபோது மட்டும், "எங்கள் அதிகாரம் உரிமம் வைத்திருப்பவர் வரைக்கும்தான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழுதுபார்க்கப் பணம் ஒதுக்காதவரிடம் உரிமம் இல்லை, அதனால் அவரிடம் கேள்வியும் இல்லை. கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த 0.3 இருந்த பக்கம்தான். புகார் கைவிடப்பட்டதாக இரண்டு வரியில் ஒரு தாள் வந்தது. அந்த 7 மாசமும் என் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

தண்டனையே கூடாது என்று சொல்லவில்லை. தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது என்று பார்க்கும் பி.ஓ.டி சோதனைக்கு, சாம்பிளை 20 டிகிரியில் 5 நாள் வைத்திருக்க வேண்டும். இன்று எடுத்த சாம்பிளுக்கு நாளைக்கே பி.ஓ.டி முடிவு எழுதுகிறவர் உரிமத்தை இழக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தத் தண்ணீர் கீழே யாரோ குளிக்கிற ஆற்றுக்குப் போகிறது. அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டத்தில் தெரிந்தே பொய்ப் பதிவு எழுதினால் 2 வருஷம் வரை சிறை. சரி, அது நியாயம்தான். ஆனால் எழுதச் சொன்னவரை யார் விசாரிப்பது? தாளில் கையெழுத்து எங்களுடையது மட்டும்தானே இருக்கிறது. உங்கள் கட்டுரையும் அந்தக் கையெழுத்தோடு நின்றுவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். "பொய்க் கணக்கு எழுதிய" என்பதை "எழுதியதாகப் புகாருக்கு உள்ளான" என்று திருத்திப் போடுங்கள். விசாரணை முடிந்து யார் மேலும் தப்பில்லை என்று வந்தால் அதையும் போடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில், இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு ஆபரேட்டர்